அத்திப்பட்டில் நின்ற இரண்டு ரயில்கள்

பட்டணம் நோக்கிச் சென்று அத்திப்பட்டு நிலையத்தில் நின்ற ரயில் நெடுநேரமாகியும் புறப்படாததால், லோகநாயகி மடியிலிருந்த தாம்பூலத் தட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே மின்விசிறி ஓய்ந்திருந்தது. வெற்றிலையின் நுனிகள் சுருளத் தொடங்கியிருந்தன. எதிர் இருக்கையில் அவள் கணவர் வடிவேலு, அன்று விடியற்காலையில் ஏரியில் கிடைத்த பெரிய கொடுவா மீனைப் பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்துக் கால்களுக்கிடையே வைத்திருந்தார். பெட்டியின் மூலையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. இறங்கி விசாரித்துவிட்டு வந்த மகன் தினகரன், எண்ணூர்ப் பக்கம் கரையில் உலர்த்தியிருந்த வலையொன்றைக் கச்சான் என்னும் மேல்காற்று தூக்கிச் சென்று மின்கம்பியில் மாட்டிவிட்டதாகவும், அதை அகற்றிய பிறகே இரு திசை ரயில்களும் அசையும் என்றும் தெரிவித்தான்.

“வலையில மீனு மாட்டும். ரயிலு மாட்டி இன்னிக்குதான் பாக்குறேன்” என்றார் வடிவேலு.

“சிரிச்சிக்கினே இரு. நாலரைக்கு ராகுகாலம். விடிஞ்சா ஆடி பொறக்குது. அப்புறம் யார் வூட்டுல தட்டு மாத்துவ?” என்றாள் லோகநாயகி.

இந்த ரயில் பயணமே லோகநாயகிக்கு எத்தனை பெரிய விட்டுக்கொடுத்தல் என்பதை வடிவேலு அறிவார். வேலைக்குப் போகும் தினகரனும் திருவொற்றியூர்க் குப்பத்துச் சுபஸ்ரீயும் இதே தடத்தில், இதேபோல் ரயில் தாமதித்த ஒரு நாளில்தான் பேசிப் பழகினார்கள். இரு வீட்டாருக்கும் சம்மதமே. ஆனால் நிச்சயத் தட்டை எந்த வீட்டில் மாற்றுவது என்பதில் பேச்சு முறிந்தது. பெண் வீட்டார் தட்டு எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதே தங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் வகையறா வழக்கம் என்றாள் லோகநாயகி. மாப்பிள்ளை வீட்டார்தான் எங்கள் வாசலேற வேண்டும் என்றாள் சுபஸ்ரீயின் தாய் ராஜம்மா. வைகாசி போயிற்று, ஆனியும் முடியும் தறுவாய்க்கு வந்தது. இதற்கிடையில் பொன்னேரியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் ஒருவன் சுபஸ்ரீயைப் பெண் கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்த மகனின் முகத்தைப் பார்த்த பிறகு, லோகநாயகி தன் வழக்கத்தைத் தானே மடித்து வைத்தாள். சொல்லாமல் போய் நிற்பது என்று முடிவாயிற்று. முன்கூட்டிச் சொன்னால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று எண்ணி, சுபஸ்ரீயிடம் மூச்சுவிடக் கூடாதென மகனிடம் தன் தலைமேல் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

காற்றுக்காகச் சன்னல் பக்கம் திரும்பியபோதுதான், எதிர்த் தண்டவாளத்தில் பொன்னேரி நோக்கி நின்றிருந்த ரயில் அவள் கண்ணில் பட்டது. அதன் சன்னலோரத்தில் அரக்குப் பட்டுடுத்தி அமர்ந்திருந்தவள் ராஜம்மா. பக்கத்தில் தலை நிறையப் பூவோடு சுபஸ்ரீ. ராஜம்மாவின் மடியில் மஞ்சள் துணி மூடிய ஒரு தட்டு இருந்தது.

பொன்னேரிக்காரனுக்கே பெண்ணைக் கொடுக்கத் தட்டோடு கிளம்பிவிட்டார்கள் என்றே லோகநாயகி நினைத்தாள். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு இறங்கி, நடைமேம்பாலப் படிகளில் விறுவிறுவென்று ஏறினாள். பின்னால் தினகரனும், பெட்டியைத் தோளில் சுமந்த வடிவேலுவும் ஓடிவந்தார்கள். பாலத்தின் நடுவை அவள் அடைந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில், அதே கோபத்தோடு ராஜம்மாவும் தட்டோடு வந்து நின்றாள்.

“எங்க கெளம்பிட்டீங்க, தட்டும் கையுமா?” என்றாள் லோகநாயகி.

“அத நான் கேக்கணும். பட்டணத்துல வேற பொண்ணு பாத்துட்டீங்களா?”

“வேற பொண்ணா? பொன்னேரிக்குப் போற ரயில்ல குந்திக்கினு என்னை இன்னா கேள்வி கேக்குறீங்க?”

“பொன்னேரில எறங்காம கோட்டைக்குப்பத்துக்கு எப்படிப் போறது? கப்பல்லயா?”

லோகநாயகியின் கண்கள் ராஜம்மாவின் தோளைத் தாண்டி, மூச்சிரைக்க வந்து நின்ற சுபஸ்ரீயிடம் போயின.

“எங்க வூட்டுக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“புள்ளை ராத்திரி எல்லாம் அழுவுது. வழக்கமாவது ஒண்ணாவது, நாமளே போயிடலாம்னு கெளம்பிட்டேன். நீங்க குடுக்குற சேலைய அங்கியே உடுத்தட்டும்னு இவளையும் கூட்டியாந்தேன்.” ராஜம்மா லோகநாயகியின் தட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். “நீங்க?”

“திருவொத்தியூருக்கு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது வடிவேலுதான். தினகரன் சுபஸ்ரீயைப் பார்த்தான். “ஏன் நீ சொல்லல?”

“எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். நீ ஏன் சொல்லல?”

“நானும்தான்.”

“இந்த வலை மட்டும் பறக்கலைன்னா, அவங்க நம்ம வூட்டுப் பூட்டைப் பாத்துக்கினு நிப்பாங்க, நாம அவங்க வூட்டுப் பூட்டைப் பாத்துக்கினு நிப்போம்” என்று சொல்லிவிட்டு வடிவேலு பெட்டியை இறக்கி வைத்தார். “மணி நாலே கால். இது எந்த வூட்டு வாசலும் இல்ல. மாத்துங்க சீக்கிரம்.”

பாலத்தின் நடுவில், தண்டவாளங்களுக்கு நேர் மேலே, சம்பந்திகள் கிழக்கு முகமாக நின்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். கையிலிருந்த குங்குமத்தைக் காற்று பாதி வாரிக்கொண்டது. மீதி சுபஸ்ரீயின் நெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக ஒலிபெருக்கி மிகப் பணிவாக அறிவித்தபோது, படிகளில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். கூடைக்காரப் பெண்ணொருத்தி இரண்டு முழம் கதம்பத்தை எறிந்துவிட்டுத் தன் ரயிலுக்கு ஓடினாள்.

கீழே இரு ரயில்களும் அடுத்தடுத்து ஊதின.

“வாங்க சம்பந்தி, எங்க வூட்டுல கையை நனைச்சிட்டுதான் போகணும்” என்றாள் லோகநாயகி.

“அதெப்படி? நீங்கதான் எங்க வூட்டுக்கு வரணும். பெட்டியில வாசம் அடிக்கிற மீனே எங்க பக்கம் பாத்துதானே கெளம்புச்சு?”

“மீனுக்கு இன்னா தெரியும்? நீங்க வாங்க.”

“நீங்க முதல்ல வாங்க.”

ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்துத் தன் பக்கப் படிகளை நோக்கி அன்போடு இழுத்தாள். மற்றவளும் அவ்வாறே செய்தாள். பாலம் அதிர்ந்தது. ஒரு ரயில் வடக்கேயும் மற்றொன்று தெற்கேயும் அவர்கள் காலுக்கடியில் மெல்ல நகர, எழுந்த காற்றில் இரண்டு பட்டு முந்தானைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டன. தெர்மாகோல் பெட்டியிலிருந்து ஒழுகிய பனிநீர், பாலத்தின் நடுவில் சற்று நேரம் தேங்கி நின்று, இரு பக்கமும் வழியத் தொடங்கியது.