காலனிக்கு நடுவில் ஒரு பம்பு

எண்பத்தேழில் சேலையூர்ப் பக்கம் எங்கள் காலனிக் கிணறுகள் எல்லாம் வறண்டுபோயின. பஞ்சாயத்தில் ஒரே ஒரு அடிபம்பு தருவதாகச் சொன்னார்கள். அதை எங்கே போடுவது என்று சங்கக் கூட்டம் போட்டோம். நான்தான் செயலாளர். பதினோரு ஆண்கள் உட்கார்ந்து காபி குடித்தோம். ரிட்டயர்டு இன்ஜினியர் சுந்தரராமன் காலனி பிளானை விரித்து, ஸ்கேலால் அளந்து, சரியாக நடுவில் ஒரு புள்ளி வைத்தார். யார் வீட்டுக்கும் கிட்டே இல்லை, தூரமும் இல்லை. இதைவிட நியாயம் உண்டா என்று கைதட்டினோம்.

அந்தப் புள்ளி பிராந்திக் கடை வாசலில் விழுந்தது. எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கடை பாட்டுக்குக் கடை, பம்பு பாட்டுக்குப் பம்பு என்று இருந்துவிட்டோம்.

போர் போடும்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் முனியம்மா வந்து நின்றாள்.

"இன்னா சார், கடை வாசல்லயே போட்டுகினு கீறீங்க? பொம்பளைங்க எப்டி வர்றது?"

"எல்லாருக்கும் பொதுவா நடுவுல போடறோம் முனியம்மா" என்றேன், பெரிய மனுஷத் தோரணையில்.

தண்ணீர் நன்றாகவே வந்தது. வீட்டில் அண்டா தினமும் நிரம்பியிருந்தது. யார் நிரப்புகிறார்கள் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. மடையன்.

ஜனவரியில் தலைமையாசிரியை ஞானாம்பாள் கூப்பிட்டனுப்பினார். என் மகள் ரமா அப்போது பத்தாவது. வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். ஆகஸ்டிலிருந்து முக்கால்வாசி மத்தியானங்கள் ரமா வகுப்பில் இல்லை.

"அட்டெண்டன்ஸ் போதாது சார். இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது."

"எங்கேடி போனே?" என்று வீட்டுக்கு வந்ததும் ரமாவைக் கேட்டேன்.

"பம்புக்குப்பா. காலைல பார்த்தா, ராத்திரி குடிச்சவங்க பம்பு மேடையிலயே படுத்துக் கிடப்பாங்க. சாயங்காலம் போனா என்னென்னவோ பேசுவாங்க. ரெண்டுலேருந்து நாலு வரைக்கும்தான் கடை மூடியிருக்கும். அம்மா ஆபீஸ்லேருந்து வர ஏழாயிடுது. வேற யார் போறது?"

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"நீங்கதானேப்பா இடம் பார்த்தீங்க. நல்லா யோசிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். விதி விதிதான் என்றார்கள். ரமாவுக்கு அந்த வருஷம் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் நோட்டைத் திறந்தேன். வந்தவர்கள் பதினொருவர். அதற்குக் கீழே வராதவர்கள் என்ற இடத்தில் ஆறு வருஷமாக 'எவருமில்லை' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். அன்று அங்கே முதலில் ரமா என்று எழுதினேன். பிறகு என் மனைவி அபிதகுஜாம்பாள், முனியம்மா என்று வரிசையாக எழுதினேன்.

சுந்தரராமன் எட்டிப் பார்த்தார். "இவங்கல்லாம் மெம்பரே இல்லையே சார்?"

"அதனாலதான் வரலை" என்றேன். "வந்தப்புறம் கூட்டத்தை ஆரம்பிக்கலாம்."

நான் எழுதிக்கொண்டே போனேன். பெயர்கள் அடுத்த பக்கத்துக்கும் போயின.