சொந்த ஊர் எது என்று கேட்டவன்

ஓ.டி.பி. விஷயத்தில் நீலாவதியை யாரும் அசைக்க முடியாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது கூப்பிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பொழுது நன்றாகப் போகும். ஒருத்தனைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் முழங்கால் வலியில் ஆரம்பித்து பெஹாலா மீன் சந்தை நாற்றம் வரைக்கும் சொல்லி, கடைசியில் அவனே "வச்சிரட்டுமா அம்மா" என்று கெஞ்சும்படி செய்திருக்கிறாள். இந்தப் பெருமையை லேக் கார்டன்ஸில் இருக்கும் தோழி மாதவியில் தொடங்கி, கொல்கத்தாவில் தெரிந்த தமிழ்க் குடும்பம் அத்தனையிடமும் சொல்லியாகிவிட்டது. அப்பேர்ப்பட்டவள்தான் வீட்டைப் பறிகொடுத்தாள்.

வீடு என்றால் கொல்கத்தா பெஹாலாவில் குடியிருக்கும் இரண்டு அறை வீடு அல்ல. அதைச் சும்மா கொடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான். போனது நியோபாராவில் இருந்த வீடு. நியோபாரா இணையத்துக்குள் இருக்கும் ஓர் ஊர். கண்ணில் ஒரு கருப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டால் உள்ளே போகலாம், தெருவில் நடக்கலாம், நாலு பேரோடு வாய்விட்டுப் பேசலாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் இந்துஜா, தனக்கென்று வாங்கிய பெட்டியைத் தெரியாத்தனமாக ஒருநாள் அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். அதோடு சரி, பெட்டி அம்மாவுடையதாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸும் வாடகை வீடுமாகவே காலத்தைத் தள்ளியவள், அங்கே ஆசை தீர ஒரு வீடு கட்டினாள். மாடி, கிணறு, ஊஞ்சல், தோட்டம் நிறைய மயில்கள். அடுப்படி மட்டும் கட்டவில்லை. அங்கேயும் போய்ச் சமைக்க அவளுக்கு என்ன கிறுக்கா?

ஒருநாள் கிணற்றடியில் கிளிப்பச்சைச் சட்டை போட்ட ஒரு புது ஆள் வந்து நின்றான். தலைக்கு மேல் உத்தமன் என்று பெயர் மிதந்தது.

"அக்கா, நீங்க தமிழா?"

நீலாவதிக்குக் காது குளிர்ந்துவிட்டது. காய்காரனிடம் வங்காளம், கீழ்வீட்டுக்காரியிடம் வங்காளம், பெற்ற மகளே கோபம் வந்தால் வங்காளத்தில்தான் கத்துவாள். வீட்டில் தமிழ் பேச மிச்சமிருப்பவர் கணவர் பாலசுப்ரமணியன். அவர் பேசும் தமிழ் "ம்" என்பதோடு முடிந்துவிடும்.

"எந்த ஊர்க்கா?"

வெளியூரில் தமிழனைத் தமிழன் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி. பதில் சொல்லாவிட்டால் அது மரியாதை இல்லை.

"களக்காடுய்யா, தின்னவேலிப் பக்கம். ஆனா எங்கம்மைக்குப் பொறந்த ஊரு சேரன்மாதேவி..."

கிளிப்பச்சை ஆள் "சொல்லுங்கக்கா" என்பதைத் தவிர வேறு சிரமமே படவில்லை. படித்த பள்ளிக்கூடம் வந்தது. அங்கே மதில் ஏறி விழுந்தது வந்தது. முழியைப் பார்த்து வீட்டில் வைத்த "மொச்சை" என்ற செல்லப் பெயரும் வந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை, இந்தக் காலத்தில் யார் இப்படி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று அன்றிரவு கணவரிடம் சொன்னாள். "ம்" என்றார்.

மறுநாள் அவள் வீட்டுக்குள் அவளாலேயே நுழைய முடியவில்லை.

இந்துஜா போனைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பாஸ்வேர்டு மறந்துருச்சுன்னு சொல்லி யாரோ மாத்திருக்காங்க. மறந்தா மூணு கேள்வி கேக்கும்மா. உன் அம்மா பொறந்த ஊரு, மொத ஸ்கூல், செல்லப் பேரு. யார்கிட்டயாவது சொன்னியா?"

"அவன் ஓ.டி.பி.யே கேக்கலயேட்டி!"

"தூர்!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள் மகள். "எதுக்குக் கேக்கணும்? சாவியத்தான் கையில குடுத்துட்டியே."

பெட்டியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, மகளின் கணக்கில் உள்ளே போய் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஆளுக்கொரு அவதாரம்; மகளுடையது நீளக் காது வைத்த ஒரு முயல். வாசலில் பட்டுப்புடவையோடு நீலாவதியே நின்று கூவிக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் ஒரு மயில் ஃப்ரீ! இந்த லிங்க்கத் தட்டுங்க, போன்ல வர்ற நம்பரச் சொல்லுங்க!" குரலும் அவளுடையதே. அவள் கொட்டிய பேச்சை அந்த உத்தமன் பதிவு செய்து, அதை வைத்தே அவள் குரலைத் தயாரித்திருக்கிறான். மயிலுக்காகக் கூடியிருந்த கூட்டத்தில் முதல் ஆளாக மாதவி.

வீடு போனால் போகிறது. நீலா சொன்னால் சரியாக இருக்கும் என்று வந்து நிற்கிறவர்கள் அவள் பெயரால் ஏமாறப் போகிறார்களே, அதைத்தான் நீலாவதியால் தாங்க முடியவில்லை. மாதவிக்குப் போன் போட்டாள். பெட்டியை மாட்டியிருக்கிறவள் எங்கே எடுப்பாள்?

"நாலஞ்சு பேர் சேர்ந்து புகார் பட்டன அழுத்தினா உடனே முடக்கிருவாங்க" என்று இந்துஜா சொல்லி முடிப்பதற்குள், நீலாவதி பெட்டியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு முயலாகக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"மாதவி, தட்டாத! அது நானில்ல! நாந்தான் நான்!"

"இந்த முயல் திருடன். நம்பாதீங்க" என்றது பட்டுப்புடவை, அதே குரலில்.

மாதவி குழம்பிப்போனாள். ஊர் எது என்று கேட்டாள். களக்காடு என்றது பட்டுப்புடவை. பள்ளிக்கூடம்? அதுவும் சரி. "மொச்சை" என்ற பெயரையும் தானாகவே எடுத்துவிட, கூட்டம் சிரித்தது. நீலாவதிக்கு முயல் காதையே இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, எங்கம்மை ஏன் சேரன்மாதேவிய விட்டு வந்தா? அதச் சொல்லுல பாப்போம்!"

"கல்யாணம் ஆச்சு. வந்தா."

மாதவி லிங்க்கை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "அவ்ளோதானா? எங்க நீலா கல்யாணம்னு ஆரம்பிச்சா பந்தியில அப்பளம் கருகினது வரைக்கும் வராம விடமாட்டாளே. மணி என்னன்னு ஒருதரம் கேட்டுட்டு, ஹவுராவுல நான் ரயிலையே விட்டிருக்கேன்."

முயலோ அதற்குள் தொடங்கியிருந்தது. "அது எப்பிடின்னா மாதவி, எங்க பெரிய மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வைக்கோல் படப்புத் தகராறு..."

"இதுதான் நீலா! எல்லாரும் அழுத்துங்க!"

பட்டுப்புடவை அப்படியே உறைந்து நின்று மறைந்தது. ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, ஜெயித்த விதத்துக்குக் கோபப்படுவதா என்று நீலாவதிக்கு விளங்கவில்லை.

விசாரணையெல்லாம் முடிந்து வீடு திரும்பக் கிடைத்தது. இந்துஜா இரண்டாவது பூட்டு ஒன்றைப் போட்டாள். மூன்று கேள்விக்கும் பொய்யான பதில் எழுதச் சொன்னாள். பெற்றவள் பிறந்த ஊரையே மாற்றி எழுதியபோது நீலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே கிணற்றடியில் இன்னொரு புது ஆள்.

"அக்கா, தமிழா? எந்த ஊர்க்கா?"

களக்காடு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"பெஹாலா."

"அது இல்லக்கா. சொந்த ஊரு?"

"அதான் சொன்னேன்லா. பெஹாலா."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொன்ன பிறகு பார்த்தால் அது பொய்யாகப் படவில்லை. பிள்ளை பெற்றதும் வளர்த்ததும் மீன்காரனோடு சண்டை போட்டதும் இங்கேதான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது இதைத் தன் ஊர் என்று சொன்னதில்லை. கண் கலங்கியது. பெட்டியை மாட்டிக்கொண்டு துடைக்கவும் வழியில்லாமல் எரிச்சலாக வந்தது.

"பெஹாலாவுல எந்தத் தெருக்கா?" என்று அந்தக் குரல் விடாமல் கேட்டது.

நீலாவதி ஊஞ்சலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அத விடுங்க. எனக்கு இந்த வலது முழங்கால் இருக்குல்லா..."