நின்று நின்று போன லாரி

மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மகன் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கைக்கெட்டும் தூரத்தில் கட்டில். கட்டிலில் அப்பா. அவர் மூச்சு வாங்குவது கீழே வரைக்கும் கேட்டது. கொஞ்சம் இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும்.

"சரியாச்சா?"

அவன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "பாத்துட்டுதான் இருக்கேன்ப்பா."

"பாக்குறியா, தூங்குறியா?"

"தூங்குறதுன்னா இங்கயா வந்து படுப்பேன்?"

அப்பா சிரிக்கப் போய் அது இருமலாகிவிட்டது. அம்மா அவருடைய நெஞ்சை நீவிவிட்டு, பேசாம இருங்களேன் என்றாள். வாய் சும்மா இருந்தால் அது அப்பாவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நேற்றுக் கையை விரித்துவிட்டார்கள். இதயம் களைத்துப்போய்விட்டது, இனிமேல் ஊசி போட்டால் அவருக்கு வலிக்கும், அவ்வளவுதான் பலன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் வாசல்வரை கூடவே வந்து சொன்னார். இன்றைக்கோ நாளைக்கோ என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அப்பா தண்ணீர் கேட்கவில்லை, சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை. "அந்த லாரி என்னாச்சு?" என்றுதான் கேட்டார்.

லாரி இருந்தது கம்ப்யூட்டருக்குள்ளே. ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய மனுஷன். நெஞ்சு முதல் தடவை படுத்தியபோதே லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார், இல்லாவிட்டால் சோற்றில் உப்பு குறைச்சல் என்று அம்மாவிடம் மல்லுக்கு நின்றார். இரண்டையும் பார்க்கச் சகிக்காமல், மகன் தான் ஆசைப்பட்டு வாங்கிய கேமிங் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி, ஸ்டியரிங் ஒன்றும் வாங்கி மாட்டிக் கொடுத்தான். அத்தோடு அந்தக் கம்ப்யூட்டர் அவன் கையை விட்டுப் போனது. காலையில் குளித்துவிட்டு அப்பா டியூட்டிக்கு உட்கார்ந்துவிடுவார். ஆளில்லாத ரோட்டில்கூட இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார். அம்மா, "டிரைவர் சாருக்கு டீ" என்று கொண்டுவந்து வைப்பாள். மகனை "கிளீனர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். இவனும் "சொல்லுங்க டிரைவரே" என்பான்.

ஒரு மாதமாகத்தான் இந்தச் சண்டித்தனம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படம் விட்டு விட்டு ஓடும். திருப்பத்தில் திக்கும். பிறகு ஆணியடித்ததுபோல் நின்றுவிடும். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருப்பார். படம் திரும்பி வரும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும்.

மகன் செய்யாதது பாக்கி இல்லை. தூசி தட்டினான். மெமரியைப் பிடுங்கிச் செருகினான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தான். மரத்தில் இலை, ரோட்டில் நிழல், மழையில் பளபளப்பு என்று கம்ப்யூட்டரை வேலை வாங்கும் சங்கதிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தான். ஒன்றும் மசியவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அவன் உட்கார்ந்து ஓட்டினால் ஒரு குறையும் கிடையாது. அப்பா உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் திக்க ஆரம்பித்துவிடும்.

இத்தனைக்கும் அவனுக்குச் சோறு போடுவதே இந்தத் தொழில்தான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று போன் பண்ணுகிறவர்களுக்கு வழி சொல்கிற வேலை. சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்பது அங்கே முதல் கேள்வி. ஒண்ணுமே பண்ணலைங்க என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் ஏதோ பண்ணியிருக்கிறார் என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்பாவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டான். "நான் ஒண்ணும் பண்ணலியே" என்றார். அப்பாவாயிற்றே என்று நம்பித் தொலைத்தான்.

கடைசியாக அப்பா ஏற்றியது கண்ணாடி லோடு. மலைப்பாதை இறக்கத்தில் படம் நின்றது. அது திரும்பி வருவதற்குள் இவருக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. லாரி அங்கேயே நிற்கிறது.

"நடுரோட்டுல வண்டிய விட்டுட்டுப் போனவன்னு எனக்குப் பேரு வேணாம்டா" என்று நேற்று முழுக்க அதையே சொன்னார்.

அந்த லோடு போய்ச் சேர வேண்டும். அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திக்காமல், நிற்காமல் போய்ச் சேர வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த இதயத்தை அவனால் கழற்றி மாட்ட முடியாது. இந்தப் பெட்டியை முடியும். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய கழுத்து வலித்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே கன்னத்தை வைத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

வயர் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று பெட்டியின் பின்பக்கம் அப்பா உட்காரும் நாற்காலியைப் பார்க்கும்படி அவன்தான் வைத்திருந்தான். உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி அந்தப் பக்கம்தான். டார்ச்சை அங்கே திருப்பினான். காற்றாடிக்கு முன்னால் இருந்த கம்பி வலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. தூசி என்று கிள்ளினான். நீளமாக வந்தது. கம்பளி நூல்.

கொஞ்ச நேரம் அதை விரலில் வைத்துப் பார்த்தான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்தே, "அம்மா, அப்பா கால்ல போட்டிருக்கிற சாக்ஸ் கம்பளியா?" என்றான்.

அவன் வெளியே வந்து முகத்தைப் பார்த்ததும் அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"காலை இதுமேல வச்சுட்டு உக்காந்திருந்தாராம்மா?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு." அம்மா போர்வையின் மடிப்பை நீவினாள். "கால் ரெண்டும் ஜில்லுனு கிடக்குதாம். அதுல சூடா காத்து வருது, இதமா இருக்குன்னு ஒட்டி வச்சுக்குவாரு. உனக்குத் தெரிஞ்சா பெட்டிய அந்தப் பக்கம் திருப்பிடுவியாம்."

அவ்வளவுதான் விஷயம். வழியை அடைத்தால் சூடு உள்ளேயே சுற்றும். கருகிப் போகாமலிருக்க மெஷின் தானாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். ஒரு போன் காலில் தீர வேண்டியது.

கால் எப்போதிலிருந்து இப்படிச் சில்லிட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பைப் பார்த்தாள். தெரியலை சார் என்று சொன்னது இவன்தான். ஒரு மாதமாக அந்தப் பெட்டிக்குள் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவரை ஒரு தரம் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. வாயில் அது கோபமாக வந்தது.

"ஒரு மாசமா என் உசுர வாங்கினீங்களேப்பா."

"காலாலதான் நிக்குதுன்னு எனக்கென்னடா தெரியும்?" அப்பா கண்ணைத் திறக்கவில்லை. சற்று நேரம் மூச்சை இழுத்துக்கொண்டார். "லேசா சந்தேகம் இருந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறு நிமிஷம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மகன் போர்வைக்குள் கைவிட்டுச் சாக்ஸோடு சேர்த்து அந்தக் கால்களைப் பிடித்துப் பார்த்தான். ஐஸ் பெட்டிக்குள் கை வைத்ததுபோல் இருந்தது. பிறகு வேலையைப் பார்த்தான். தகட்டை மாட்டினான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பெட்டியை, காற்றாடி அப்பாவின் பாதத்தைப் பார்க்கும்படி வைத்தான். திரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

லாரி மலைப்பாதையில் நின்றது. கிளப்பினான். போயிற்று. ஒரு திக்கல் இல்லை.

"ஓடுதே" என்றார் அப்பா.

"ஓடுதுப்பா."

அம்மா பெட்டிக்கும் பாதத்துக்கும் நடுவில் கையை நீட்டிப் பார்த்தாள். "இதுல சூடே வரலியே" என்றாள்.

எப்படி வரும்? காற்றுக்கு வழி விட்டு, எல்லாவற்றையும் குறைத்து, நோகாமல் ஓடும்படி செய்து வைத்திருக்கிறான். லாரியை ஓரங்கட்டினான். குறைத்த ஒவ்வொன்றையும் மறுபடி ஏற்றினான். இலை, நிழல், பளபளப்பு எல்லாம் உச்சத்துக்குப் போயின. காற்றாடி இரைய ஆரம்பித்தது. அம்மா போர்வையின் நுனியைத் தூக்கிப் பெட்டியின் பின்பக்கத்தின்மேல் கூடாரம் மாதிரி போர்த்தினாள். காற்று முழுக்க உள்ளே போயிற்று. என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு கஸ்டமர் இப்படிச் செய்ததாகச் சொன்னால், அவனுடைய ஆபீஸே நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

"வருது" என்றார் அப்பா. அவருடைய முகத்தில் சுருக்கங்கள் கொஞ்சம் விட்டன.

இறக்கம் ஆரம்பித்தது.

"கியரைக் குறை. கண்ணாடி லோடு. பிரேக்கை நம்பாதே."

"சரிங்க டிரைவரே."

மூன்றாவது திருப்பத்தில் படம் திக்கியது. விட்டு விட்டு ஓடியது. அப்பா கண்ணைப் பாதி திறந்து திரையைப் பார்த்தார்.

"திக்குது பாரு."

"குறைக்கட்டுமாப்பா? குறைச்சா நல்லா ஓடும். ஆனா கால்ல சூடு வராது."

அப்பா யோசித்தார். யோசிக்கிறார் என்றுதான் அவன் நினைத்தான், அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். "மெதுவா போலாம். என்ன அவசரம்."

மெதுவாகப் போனார்கள். லாரி ஓர் அடி வைக்கும், நிற்கும், மறுபடி ஓர் அடி வைக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு வளைவின் நடுவே படம் சுத்தமாக நின்றுவிட்டது.

அது அவனுக்குப் பழகியதுதான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும் இருந்தது. திரையில் ஒரு பாறையும், பாதி வளைந்த ரோடும், ஒரு மரமும் அசையாமல் நின்றன. கண் சொக்கியது.

படம் குதித்து வந்தது. லாரி பள்ளத்து ஓரத்தில் இருந்தது. சட்டென்று ஒடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தான். திட்டு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை.

"பாத்தீங்களாப்பா, தப்பிச்சிட்டோம்" என்றான் திரும்பாமலேயே.

அம்மாவின் கை அப்பாவின் நெஞ்சில் இருந்தது. அவள் அதை நீவவில்லை. வெறுமனே வைத்திருந்தாள். பிறகு குனிந்து, அவருடைய மூக்கின் அருகே தன் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

மகன் இண்டிகேட்டர் போட்டு லாரியை இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினான். ஸ்டியரிங்கைத் தரையில் வைத்தான்.

அம்மா நிமிர்ந்தாள். அவர் கண்களை மூடிவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். இரைந்துகொண்டிருந்த பெட்டியில் வந்து அவள் பார்வை நின்றது.

"அதை நிறுத்திடேன்ப்பா. சத்தம் போட்டுட்டு கிடக்குது."

அவன் எழுந்து கால்மாட்டுக்குப் போனான். போர்வைக்குள் கையை விட்டான். எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்மா" என்றான். "இப்பதான் கால் சூடாயிருக்கு."

அம்மா எழுந்து வந்து, இந்தப் பக்கம் விலகியிருந்த போர்வையின் ஓரத்தை இழுத்து, இடைவெளி இல்லாமல் சொருகிவிட்டாள்.