கண்ணுக்கு ஒரு குழம்பு, வயிற்றுக்கு ஒரு குழம்பு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை முழுக்க என்னுடையது அல்ல. போன தை மாதம் விருதுநகரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்து இலைக்காரியிடம் சொன்ன ஒரே வாக்கியத்தைத்தான் கதையாக்கப் பார்க்கிறேன்: "எங்க வீட்டுல தெனம் ரெண்டு கொளம்பு வப்போம். கண்ணுக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு."

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அந்த அம்மாள் பேச்சை விட்டுவிட்டார். நான் விடவில்லை. இப்போது 1961ஆம் வருஷத்துச் சித்திரை. ரயில்வே கூட்ஸ் ஆபீசில் மிளகாய் வற்றல் மூடைகளுக்கு ரசீது போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் இதை எழுதுகிறேன். யார் அந்த அம்மாள், எதற்கு இரண்டு குழம்பு, ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் எழுத முடிகிறது.

2

தொடக்கம் ஒன்று: "மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே கண் விழிக்கும் ஊர் அது…" வேண்டாம். ஊரைப் பற்றித் தொடங்கினால் நான் ஊரிலேயே நின்றுவிடுவேன், சாப்பாட்டுக்கு வரமாட்டேன்.

தொடக்கம் இரண்டு: "வற்றல் வியாபாரி நல்லசிவத்துக்கு வயிற்றில் புண்." இது பரவாயில்லை. வற்றலைக் கிள்ளி நாக்கில் வைத்த மாத்திரத்தில் எந்தக் கரிசலில் விளைந்தது என்று சொல்லும் மனிதர், குழம்பில் காரம் சேர்த்தால் சுருண்டு படுத்துவிடுவார். அவர் ஆசைப்படுவதெல்லாம் தினம் ராத்திரி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். வற்றல்காரர் வீட்டில் காரமில்லாத சோறா என்று ஊர் சிரிக்குமே, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்.

(வயிற்றுப்புண்ணை அவருக்குக் கொடுத்ததற்குக் காரணம், எனக்கும் இருந்தது. கல்யாணமான புதிதில் படாதபாடு பட்டேன். பிறகு தானாகவே ஆறிவிட்டது. அனுபவித்ததை எழுதுவது சுலபம்.)

ஆனால் புண் மட்டும் கதையாகுமா? ஆகாது. ஆகவே ஒரு வழக்கத்தைச் சேர்க்கிறேன். பெரிய கொள்முதலுக்கு வருகிறவரை வியாபாரி வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவார். விற்கப்போகும் வற்றலிலேயே குழம்பு. விற்பவரும் வாங்குபவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட வேண்டும். தன் சரக்கைத் தானே சாப்பிடாதவனிடம் யார் வாங்குவார்கள்?

(வற்றல் பேட்டையில் போய் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று விசாரிக்காதீர்கள். என் கதையில் உண்டு.)

இப்போது நல்லசிவத்துக்கு நெருக்கடி வந்துவிட்டது. குழம்பைச் சாப்பிட்டால் வயிறு போகும். சாப்பிடாவிட்டால் பேர் போகும்.

3

இங்கேதான் அவர் மனைவி சொர்ணலட்சுமி வருகிறாள். இரண்டு சட்டிகளில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிறாள். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே தாளிப்பு. ஒன்று விருந்தாளிக்கு, வற்றலை முழுசாக அரைத்து வைத்தது. இன்னொன்று புருஷனுக்கு, வற்றலைக் கிள்ளி, விதையைத் தட்டி, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வெறும் தோலை மட்டும் அரைத்து வைத்தது. நிறம் இருக்கும், எரிச்சல் இருக்காது. நல்லசிவம் ஒரு நாளும் இதெல்லாம் எப்படி என்று கேட்டதில்லை. வந்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை என் மனைவி குருவம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் வழக்கம், கை காய்ந்துபோகும் என்பாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கை எரிஞ்சதை எழுதவேயில்லையே?" என்றாள்.

"எதுக்கு எரியணும்?"

"நல்லாக் கேட்டீக. அம்புட்டு வத்தலைக் கிள்ளி விதையைத் தட்டுனா, வெரலு சும்மாவா இருக்கும்? ராத்திரி பூராம் தீயா எரியும். அந்தக் கையோட கண்ணைத் தொட்டுட்டா அன்னைக்குச் சங்குதான்."

"கதைக்கு அது வேண்டாம் குருவம்மா. இது கொஞ்சம் சிரிப்புக் கதை."

"எரிஞ்சா சிரிக்கக் கூடாதாக்கும்?" என்று உள்ளே போய்விட்டாள். சரி, சேர்க்கிறேன்: சொர்ணலட்சுமியின் விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். அவள் அவற்றை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

4

விருந்தாளி ரத்தினசாமி. சிவகாசிக்காரர். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அங்கே அடுப்புப் பற்றவைக்க முடியாது என்பதால், ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சிவகாசியில் சமைத்து மாட்டுவண்டியில் கொண்டுபோகிறார். தீபாவளி சீசன் முழுமைக்கும் வற்றல் வேண்டும் என்று வந்திருக்கிறார். இந்த ஆர்டர் கிடைத்தால் நல்லசிவத்துக்கு அந்த வருஷம் கவலையில்லை.

இரண்டு இலைகள். சோறு. இந்த இலையில் ஒரு குழம்பு, அந்த இலையில் ஒரு குழம்பு. சொர்ணலட்சுமி ஊற்றிவிட்டு அப்பளம் எடுக்க அடுக்களைக்குள் போகிறாள். நல்லசிவம் சரக்கின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறார்.

ரத்தினசாமி கையை உயர்த்தினார். "அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வலது காது எனக்கு டமாரம். வெடி யாவாரம் குடுத்த சீதனம்."

"அடடே, மொதல்லயே சொல்லக் கூடாதா? எந்திரிங்க, எந்திரிங்க. இங்கன வந்து உக்காருங்க. நான் அந்தப் பக்கம் வந்துருதேன்."

"எலையில பரிமாறியாச்சே?"

"கை வைக்கலைல்ல? எல்லாம் ஒரே சட்டிதான் தம்பி!"

வாயில் வந்த பொய்யை அவரே நம்பிவிட்டார். உபசாரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். இலைகள் மாறவில்லை.

அப்பளத்தோடு கதவருகே வந்த சொர்ணலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். நல்லசிவமும் சோற்றைப் பிசைந்தபோது எழுந்த நெடியில் புரிந்துகொண்டார். இனி எழுந்திருக்க முடியாது. முதல் கவளத்தை வாயில் வைத்தார். நெற்றி வேர்த்தது.

ரத்தினசாமியோ மெல்ல மென்றார். நிறுத்தினார். இன்னொரு கவளம். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "மதினி, கொளம்பு இன்னும் கொஞ்சம்" என்றார். சொர்ணலட்சுமி, புருஷனுக்கென்று வைத்த அதே சட்டியிலிருந்து ஊற்றினாள். வேறென்ன செய்வாள்?

5

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில், "என்ன அண்ணாச்சி, ஒறைப்பே இல்லையே!" என்று ரத்தினசாமியைக் கத்த வைத்தேன். அடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த மனிதர் இலையில் இருந்துகொண்டு அப்படிக் கத்தமாட்டார்.

அடுத்து, அவருக்கும் வயிற்றுப்புண், இருவரும் கட்டிப்பிடித்து… இது ரொம்ப இனிப்பு. பாயசத்தில் வெல்லம் கூடிய மாதிரி.

பிறகு ரத்தினசாமி தானாகவே பேசினார். நான் எழுதிக்கொண்டேன்:

"அண்ணாச்சி, எங்க ஆளுக பூராம் வெடிமருந்துலயும் வெயில்லயும் கெடக்காக. மத்தியானம் காரக் கொளம்பைத் தின்னுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருதாக. செவப்பு இல்லாட்டியோ, கொளம்பான்னு கேக்காக. இது கண்ணுக்கும் செவப்பா இருக்கு, வயித்தையும் ஒண்ணும் பண்ணல. எனக்கு இந்த வத்தல்தான் வேணும். எம்புட்டு லோடு இருந்தாலும் எடுத்துக்கிடுதேன். இது எந்த ஊரு வத்தல்?"

அப்படி ஒரு வற்றல் எந்த ஊரிலும் இல்லை. அது சொர்ணலட்சுமியின் விரல்களில் விளைந்தது.

நல்லசிவம் ஏதாவது ஒரு ஊர்ப் பேரைச் சொல்லலாம். லோடு போகும், எம். புதுப்பட்டி ஆட்களின் வயிறு எரியும். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷமும் வேறு சட்டியில் சாப்பிட்டவர் என்று பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும். வாயில் நெருப்பு, கண்ணில் நீர். முதல்முறையாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கரண்டியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார்.

சொர்ணலட்சுமி முன்னால் வந்து கையை விரித்துக் காட்டுவதாக முடிக்கலாமா என்று குருவம்மாளைக் கேட்டேன்.

"அவ எதுக்குக் காட்டணும்? கேள்வி அவரைத்தான கேட்டாக. அவரே சொல்லட்டும்" என்றாள். பிறகு, "வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

6

காகிதத்தை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். புளிக்குழம்பு. நல்ல சிவப்பு. பிசைந்து வாயில் வைத்தேன். இதமாக இறங்கியது. கல்யாணமான புதிதில் பட்ட பாட்டுக்குப் பிறகு தினமும் இப்படித்தான் இறங்குகிறது.

ராத்திரி பூராம் தீயாக எரியும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

கரண்டியோடு நின்றவளின் விரல்களைப் பார்த்தேன். தினம் தினம் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் விரல்கள்.

"குருவம்மா, இது எந்த ஊரு வத்தல்?"

"ஏன், ஒறைக்குதோ?"

"இல்ல."

"பெறகென்ன? பேசாமச் சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரமில்லாத குழம்பைச் சாப்பிட்டு அழுதவன் விருதுநகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

(மேலே இரண்டாம் பகுதியில் "தானாகவே ஆறிவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். அடிக்க மனமில்லை. அது அப்படியே இருக்கட்டும், நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியட்டும்.)

நல்லசிவம் இன்னும் இலைக்கு முன்னால்தான் இருக்கிறார். ரத்தினசாமி கேட்கும் காதைத் திருப்பிக் காத்திருக்கிறார். சொர்ணலட்சுமி கரண்டியை வைக்கவில்லை. நல்லசிவம் என்ன சொன்னார் என்பதை என்னால் எழுத முடியவில்லை. எந்த ஊரு வத்தல் என்று என் வீட்டிலேயே நான் கேட்டதோடு சரி, தெரிந்த பதிலை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள், உங்கள் வீட்டுக் குழம்பு என்ன நிறம் என்று பார்த்துவிட்டு.