போக்குவரத்துத் துறையில் பணி

1

இந்தக் கதை ஒரு திருத்தத்தில் பிறந்தது. திருத்தியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து ஏசுவதைவிட இது மேல்.

பள்ளியை விட்டு இருபத்தெட்டு வருடம் கழித்து எங்கள் வகுப்பு மானிட்டர் எங்களையெல்லாம் தேடிப்பிடித்தான். அன்று கரும்பலகையில் "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதிவைத்தவன், இன்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கி அதே பெயர்களை அதில் சேர்த்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் பத்தொன்பது பேர். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு கடிகாரம்; ஒருத்தி காலை வணக்கம் சொல்லும்போது இன்னொருவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். முதல் வாரம் முழுக்க "டேய், நீயாடா!" தான். இரண்டாம் வாரம் வீடு, கார், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். மூன்றாம் வாரம் மானிட்டரின் அறிவிப்பு: ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஓரிடத்தில் கூடுகிறோம், அன்று ஒரு மலர் வெளியிடுகிறோம், அவரவர் வாழ்க்கைச் செய்தியைப் பத்து வரிக்குள் அனுப்புங்கள். "தமிழப் பேனா பாத்துக்குவான்."

பேனா என்பது நான். சட்டைப் பையில் எந்நேரமும் மை ஒழுகிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். எழுத்துத் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பம்பரம் நாலே வரி அனுப்பியிருந்தாள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் ஆறாம் வகுப்பிலேயே அவளுக்கு அந்தப் பெயர்.

"நகரப் பேருந்து ஓட்டுகிறேன், பதினோரு வருடமாக. கணவரைப் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் கட்டடக்கலை படிக்கிறாள். நன்றாக இருக்கிறேன்."

மானிட்டர் என்னைக் கூப்பிட்டான். "டேய், பம்பரத்தோடத மட்டும் கொஞ்சம் பாத்துப் பண்ணு. அவ வெள்ளந்தி, மனசுல பட்டத அப்படியே எழுதிட்டா. நாலு பேர் படிக்கிற விஷயம்."

பாத்துப் பண்ணினேன்.

"போக்குவரத்துத் துறையில் பணி. மகளுடன் இனிதே வசிக்கிறார். மகள் கட்டடக்கலை மாணவி."

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்த வேலையும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

2

சரி, அவள் கதையை எங்கே தொடங்குவது?

[முதல் முயற்சி: "விடியற்பனியில் அந்தப் பேருந்து, கூட்டத்தைப் பிரிந்த யானையைப் போல" — வேண்டாம். பேருந்து பேருந்து மாதிரிதான் நின்றது.]

[இரண்டாம் முயற்சி: "விதி அவளை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியது." விதி எங்கே வந்தது இதில்? வந்தது ஒரு விளம்பரம்.]

ஆம், விளம்பரம். கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போனவள், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்ததைப் படித்தாள்: ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம். பேருந்து கிளம்பிவிட்டது. எண்ணை மறக்காமல் இருக்க, வீடுவரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கணவர் சிரித்தார். "கதவையே உனக்கு நேரா சாத்தத் தெரியல. பஸ்ஸு ஓட்டப் போறியா?"

நேராகச் சாத்த வராததும் உண்மைதான். முதல் தேர்வில் திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதையில் ஏறியது. தோல்வி. இரண்டாவது தேர்விலும் அதே சக்கரம், அதே மாதிரி நடைபாதை. பன்னிரண்டு மீட்டர் வண்டி, முன்பக்கம் திரும்பிவிட்டாலும் பின்பக்கம் தன் போக்கில்தான் வரும். மூலையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நேரே போய்விட்டுத்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். தலைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை.

அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். அம்மா முன்னால், மகள் பின்னால், நடுவில் ஒரு நீளமான துணிகாயப்போடும் கம்பி. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டு நடையின் மூலையில் திரும்புவார்கள். மகளின் முழங்கை சுவரில் உரசினால், "ஏறிடுச்சும்மா! ஃபெயில்!" என்று கத்துவாள். இருபது நாள் அந்த மூலையிலேயே சுற்றினார்கள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது. மூன்றாம் தேர்வில் பம்பரம் தேறினாள்.*

* இந்த இடத்தில் கண்ணீர் வரவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "அழுதேன்னு யார்டா சொன்னது? பசிச்சுது. ரெண்டு பேரும் போய் வயிறு முட்டச் சாப்பிட்டோம்" என்றாள். எடுத்துவிட்டேன்.

3

மலர் அச்சாகி, அதன் படம் குழுவில் வந்த நாள் அவளுக்கு விடுமுறை. சமையலறை மேசையில் சீருடைச் சட்டையின் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே மகள், இருபது வயது, வரைபடத் தாளை விரித்துவைத்தபடி அம்மாவின் கைப்பேசியில் மலரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருமே டைரக்டரா? வேலை செய்யறவங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க பாரு, கடைசிப் பக்கம்."

மகள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். படித்தாள். பிறகு, கொஞ்சம் ஜாக்கிரதையான குரலில், "அம்மா, டிரைவர்னு சொல்ல உனக்கு வெக்கமா?" என்றாள்.

ஊசி விரலில் ஏறியது. அவள் கைப்பேசியை வாங்கிப் படித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. என் எண்ணைத் தேடினாள்.

எழுத்தாளன் என்ற முறையில் அந்த உரையாடலைச் சற்று மென்மையாக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை மென்மையாக்கித்தான் இந்த நிலைமை.

"பேனா, நீ திருத்துனது என் எழுத்துப் பிழையையா, என் பொழப்பையா?"

"இல்ல பம்பரம், எல்லாருக்கும் பொதுவா ஒரே நடைல..."

"உன் நடைய உன் கால்ல வெச்சுக்க. இந்த வார்த்தை உனக்கு எங்க கெடச்சுது?"

"எந்த வார்த்தை?"

"போக்குவரத்துத் துறை."

சாதாரண வார்த்தைதானே என்றேன். பிறகுதான் அவள் சொன்னாள். தேறிய அன்று சாயங்காலம் கணவர், "சரி, நல்லது. ஆனா சொந்தக்காரங்க யாராவது கேட்டா போக்குவரத்துத் துறைல வேலைன்னு சொல்லு, டிரைவர்னு சொல்லிட்டுத் திரியாத" என்றாராம். அவர் வாயால் அவளைப்பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் அதற்குப்பிறகு அந்த வார்த்தைதான். விருந்துகளில், தொலைபேசியில், மாமியாரிடம். ஐந்து வருடம் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். ஒருநாள் மகளும் பள்ளியில் அம்மாவின் வேலை என்ற இடத்தில் அதையே எழுதிக்கொண்டுவந்தாள். அந்த மாதமே பம்பரம் மகளோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஒரு வீட்டையே விட்டுட்டு வந்தேன்டா அந்த வார்த்தைக்குத் தப்பிச்சு. நீ அதக் கொண்டாந்து அச்சுல ஏத்தி, எல்லார் கையிலயும் குடுக்கப் போற."

"மானிட்டர்தான்..."

"மானிட்டர் சொன்னா? கெணத்துல குதின்னா குதிப்பியா? மாத்தச் சொல்லு."

மானிட்டர் மாற்றவில்லை. அச்சாகிவிட்டது என்றான். அவனை வில்லனாக்கினால் எனக்குச் சௌகரியம். பழியை இறக்கிவைக்கத் தோள் கிடைக்கும். ஆனால் அவன் கெட்டவன் இல்லை. சிதறிப்போனவர்களை ஒவ்வொருவராகத் தேடி, இறந்துபோன இருவரின் வீட்டுக்கும் பேசி ஆறுதல் சொன்னவன். "அவள யாரும் ஒரு மாதிரி பேசிடக் கூடாதுடா, அவ்ளோதான்" என்று என்னிடம் சொன்னபோது அவன் குரலில் பாசம்தான் இருந்தது. பாசத்தோடு ஒருவர் வாயைப் பொத்தலாம் என்பதை அவனும் நானும் அப்போது யோசிக்கவில்லை.

4

கூட்டம் நடந்தது அவள் வசிக்கும் நகரத்தில். [இங்கே ஒரு காட்சி மனதை அரித்தது: விமான நிலையத்திலிருந்து எல்லாரும் ஏறும் பேருந்தை அவளே ஓட்டிவருகிறாள், கண்ணாடியில் ஒவ்வொரு முகமாக வெளிறுகிறது. அவளிடம் கேட்டேன். "சினிமா எடுக்கறியா? அந்த ரூட் என் டிப்போவுதே இல்ல" என்றாள்.]

வாடகைக் கூடம். மடக்கு நாற்காலிகள், பலூன்கள், பள்ளிச் சீருடையில் எங்கள் குழுப்படம் பெரிதாக. பதினான்கு பேர் வந்திருந்தோம். வாசலருகே மேசையில் அறுபது பிரதிகள் அடுக்கியிருந்தன.

பகல் பதினோரு மணிக்கு பம்பரம் வந்தாள். கட்டிப்பிடித்தார்கள், "நீ மாறவே இல்லடி!" என்றார்கள். எல்லாருக்கும் சிரித்தாள். பிறகு மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கறுப்பு மைப் பேனா ஒன்றை எடுத்தாள். முதல் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். என் வரியைக் குறுக்காக அடித்தாள். அதன் கீழே, வரிக்குப் பிசகாத உருண்டைக் கையெழுத்தில், தான் அனுப்பிய நான்கு வரியையும் எழுதினாள். மை காய ஊதினாள். ஓரமாக வைத்தாள். அடுத்த பிரதி.

ஐந்தாவது பிரதியில் பேச்சு குறைந்தது. பத்தாவதில் கூடமே அடங்கிவிட்டது.

மானிட்டர் வந்தான். "பம்பரம், என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தானே எழுதறேன்."

"உன்ன யாரும் தப்பாப் பேசிடக் கூடாதுன்னுதான் நான்..."

"பேசறவங்க பேசட்டும்டா. அவங்க வாய்க்கு நான் பூட்டுப் போடல. நீ எதுக்கு என் வாய்க்குப் போட்ட?" தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குக் கரும்பலகை என் கையில. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பிரதியை எடுத்தேன். உதவலாம் என்று.

"நீ தொடாத. ஒரு தடவ எழுதுனது போதும்."

அப்போது 'தூங்கி' என்று நாங்கள் கூப்பிடுபவன் எழுந்து வந்தான். வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவன். மலரில் அவன் 'முதுநிலைத் திட்ட மேலாளர்'. அவன் எழுதித்தந்ததே அப்படித்தான், நான் திருத்தவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னொரு பேனா இருக்கா?" என்று கேட்டான். கொடுத்தாள். தன் பக்கத்தைத் திறந்து, மேலாளரை அடித்துவிட்டு எழுதினான்: "மனைவிக்குப் பக்கவாதம். வேலையை விட்டு நாலு வருடமாக அவளைப் பார்த்துக்கொள்கிறேன்."

இரண்டாவது பிரதியில் 'மனைவி'யோடு கை நின்றுவிட்டது. மூன்றாவதைத் திறக்கவே முடியவில்லை.

"போதும்டா," என்றாள் அவள். "சாப்பாட்டுக்கு அப்பறம் பாத்துக்கலாம். அவளுக்கு இப்ப பேச வருதா?"

"என் பேர் மட்டும் சொல்லுவா."

"அது போதுமே. மத்தவங்களுக்கு எதுக்குப் பேச்சு?"

தூங்கி சிரித்தான். அவன் சிரிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஒளித்துவைத்தால் கதை நாறும். அந்த மலரில் என் பக்கத்தில் 'எழுத்தாளர், பதிப்புத் துறை ஆலோசகர்' என்றிருக்கிறது. நான் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். ஒரு ஷிப்டுக்கு இருநூற்று நாற்பது பெட்டி. பேனா என் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. சாப்பாடு ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

முப்பத்தேழு பிரதி முடித்திருந்தாள். அவள் கை கழுவப் போன இடைவெளியில் மானிட்டர் மிச்சம் இருபத்து மூன்றையும் தூக்கிக் காரில் வைத்துப் பூட்டினான். திரும்பிவந்தவள் காலி மேசையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "முப்பத்தேழு வீட்டுக்கு நான் போறேன். இருபத்து மூணு வீட்டுக்கு நீ போ," என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் குழுவில் ஒரு வரி தெரிந்தது: அவள் நீக்கப்பட்டாள். ஒரு மணிநேரத்தில் தூங்கி தானாக விலகினான். பிறகு இன்னும் இரண்டு பேர். நான் விலகவில்லை. [காரணம் எழுதி, மூன்றுமுறை அடித்துவிட்டேன். காரணம் பயம்.]

5

இனி முடிவு. கையில் மூன்று இருந்தன.

அ) மானிட்டர் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். — கேட்கவில்லை. இதுவரை.

ஆ) மகள் அந்தத் திருத்திய பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறாள். — மாட்டவில்லை. அவளுக்குத் தேர்வு. ஆனால் அன்றைக்குக் கேட்ட கேள்விக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். "கேட்டது சரிதான்டி. கேக்காம இருந்திருந்தாதான் தப்பு" என்றாளாம் பம்பரம்.

இ) [அவள் ஒரு வளைவில் திரும்புகிறாள், சூரியன் — ] இதை எழுதி முடிக்கவே இல்லை. எழுதும்போதே எனக்குக் கூசியது.

மூன்றையும் அவளுக்கு அனுப்பினேன். மூன்றும் வேண்டாம் என்று கூப்பிட்டாள். "நீ முடிக்காத. நான் வேற ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன்."

புது மலர். அச்சு கிடையாது, திருத்தம் கிடையாது, மானிட்டர் கிடையாது. அவரவர் கையெழுத்தில் ஒரு தாள் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அவள் அப்படியே நகல் எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாள், மானிட்டர் உள்பட. எங்கள் வகுப்பின் நாற்பத்தொரு பேருக்கும் சொல்லிவிட்டாள். போன வாரம்வரை வந்தவை நான்கு. தூங்கியுடையது இரண்டு பக்கமாம். யாரோ ஒருவர் பெயர் போடாமல் அனுப்பியிருக்கிறார். கையெழுத்து கரும்பலகையில் பார்த்த மாதிரி இருக்கிறது என்கிறாள். அவனாகவே இருந்தாலும் சொல்லமாட்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அத நீ எதுக்குக் கேக்கற? உன் தாள் எங்க?" என்றாள்.

என் தாள் முன்னால்தான் இருக்கிறது. கிடங்கில் பெட்டிக்குள் வைக்கும் பழுப்புத் தாள். வேண்டுமென்றே அதை எடுத்துவந்தேன். இருநூற்று நாற்பது என்ற எண்ணை எழுதிவிட்டேன், மற்றது எழுதவேண்டும். தபால்தலையும் உறையும் தயார். தபால்பெட்டி தெருமுனையில், நடந்தால் மூன்று நிமிடம்.

உங்களிடம் சொல்லிவிட்டேன், அது சுலபம். நீங்கள் என்னோடு படித்தவரில்லை. அவர்களிடம் சொல்கிறேனா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நல்லபடியாகத்தான் எழுதுவேன், என் கை அப்படி. ஆகவே நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பார்த்துப் பண்ணாதீர்கள், உள்ளபடி பண்ணுங்கள்.