உதயகலா திறந்த பற்றரி

அச்சுவேலியில் பெற்றோல் எஞ்சின் திருத்த ஆளுக்குக் குறைவில்லை. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கராச்சுக்குள்தான் விழவேண்டும். ஆனால் ஹைபிரிட் காரின் பெரிய பற்றரியைத் திறக்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான், அது உதயகலா. இதை அவளே சொல்லுவாள். கேட்காதவர்களைக்கூட மறித்து வைத்துச் சொல்லுவாள். சொன்னால் என்ன? கொழும்பில் படித்து, அங்கேயே வேலை பழகி, ஊருக்குத் திரும்பி வந்து, சந்தை றோட்டில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் கராச் திறந்தவள் அவள். அடக்கமாக இரு என்று அவளுக்குப் புத்தி சொன்ன ஆட்களே தங்கள் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் அவளிடம்தான் ஓடி வந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் பக்கத்துக் கராச் ஜெரிசன் மூச்சிரைக்க வந்தான். அவன் பெற்றோல் கார் பார்க்கிறவன். ஹைபிரிட் வந்தால் இவளிடம் அனுப்பிவிடுவான்.

"கலா அக்கா, கதிரவேலு ஐயாவின்ரை காரிலை திரும்பவும் விளக்கு எரியுதாம். நீங்கள் பற்றரியைத் திறந்து பழுதாக்கிப்போட்டியளாம். சந்தையிலை நிண்டு கத்துறார். உங்களிட்டைக் கார் விட இருந்த ரண்டுபேர் பொறுத்துப் பாப்பம் எண்டு திரும்பிப் போட்டினம்."

உதயகலாவுக்குக் காது சூடேறியது. போன மாதம்தான் அந்தக் காரின் பற்றரியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். வேலையில் ஒரு குறை என்றால் திருத்தலாம். வேலையே செய்யாமல் விட்டாள் என்ற பேச்சு கிளம்பினால் இந்த ஊரில் கராச் நடத்த முடியாது. பெண்பிள்ளைக்கு எதற்குக் கரண்டு வேலை என்று முதலே முணுமுணுத்தவர்கள் வாயை மூடி ஒரு வருசம்கூட ஆகவில்லை.

சற்று நேரத்தில் காரும் வந்தது. கதிரவேலு நல்ல தோட்டக்காரர், வெங்காயத்தில் கைதேர்ந்தவர். கார் ஓட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கனடாவிலிருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கார். பிள்ளையார் கோயிலில் பூசை செய்து, சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்து வீட்டுக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அது கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் மட்டும்தான் என்பது அவர் போட்ட சட்டம். தோட்டத்து வெங்காயம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் போகும், காரில் ஒரு பூசணிக்காய்கூட ஏறாது. பக்கத்தில் அவர் மனைவி பராசக்தி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். பின்னால் சந்தையில் வேலையில்லாத ஏழெட்டுப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"பிள்ளை, நான் இதைக் கொழும்புக்கு ஏத்தப்போறன்," என்றார் கதிரவேலு இறங்கும்போதே. "நீ கை வைக்க முதல் ஒருக்காத்தான் எரிஞ்சது. இப்ப எடுக்கிற நேரமெல்லாம் எரியுது."

"ஏத்துங்கோ ஐயா. ஏத்த முதல் உங்கடை கண்ணுக்கு முன்னாலை ஒருக்காத் திறந்து காட்டுறன். என்ரை பிழை எண்டால் நானே லொறி பிடிச்சுத் தாறன்."

அவர் மறுக்கவில்லை. இத்தனைபேர் பார்க்கிற இடத்தில் மறுக்கவும் முடியாது.

உதயகலா மஞ்சள் கயிற்றைக் கட்டி எல்லாரையும் அதற்கு அப்பால் நிறுத்தினாள். தடித்த றப்பர் கையுறையைப் போட்டாள். பற்றரியின் மின்சாரத்தை அறுக்கிற செம்மஞ்சள் பிளக்கை இழுத்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டு மூடினாள். அது அவள் பையில் இருக்கும்வரை வேறு யாரும் மறதியாகவோ விளையாட்டாகவோ கரண்டைக் கொடுத்துவிட முடியாது. உள்ளே மிச்சமிருக்கும் கரண்டு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரம் பூசை தொடங்க முதல் ஐயருக்குக் காத்திருப்பதுபோல இருந்தது, ஒருவரும் கதைக்கவில்லை.

இந்தக் காரின் பற்றரிக்குச் சூடு ஆகாது. பின்சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி வாசல் உண்டு, அதனூடாகக் காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிரப்பண்ண உள்ளே ஒரு விசிறி. உதயகலா விசிறியைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். விரலில் மெல்லிசாக, சரசரவென்று ஏதோ அகப்பட்டது. பிடித்து இழுத்தாள்.

வெங்காயத் தோல். சிவந்த, காய்ந்த வெங்காயத் தோல் ஒரு கைப்பிடி.

போன மாதம் அங்கே வெறும் தூசிதான் இருந்தது. அப்படியென்றால் அதற்குப் பிறகு இந்தப் பின்சீற்றில் வெங்காய மூட்டை ஏறியிருக்கிறது, அதுவும் ஒருமுறை அல்ல. அவளுக்கு வந்த சந்தோசத்தில் துள்ளிக் குதித்திருப்பாள். கையை உயர்த்திக்கொண்டு திரும்பும்போது பராசக்தியின் முகம் கண்ணில் பட்டது. அந்த முகத்தில் இரத்தமே இல்லை. அவர் அவளுடைய மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதயகலாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சந்தையில் நின்று கத்துகிற மனிதர் வீட்டில் எப்படிக் கத்துவார் என்பதும் விளங்கியது. உயர்த்திய கை தானாகவே இறங்கியது.

"என்ன பிள்ளை, என்ன இருக்கு?" என்றார் கதிரவேலு.

"தூசி அடைச்சிருக்கு ஐயா."

"போன மாசம் வடிவாத் துடைச்சது எண்டு சொன்னனியெல்லே? பாத்தியளே, துடைக்கவேயில்லை! சும்மா திறந்து மூடிப்போட்டு விட்டிருக்கிறாள்!"

கயிற்றுக்கு அப்பால் சலசலப்பு எழுந்தது. ஒருவன் சிரித்தான். ஜெரிசன் தலையைக் குனிந்துகொண்டான். உதயகலா பல்லைக் கடித்தாள். கண் கலங்கியது, அழுகையால் அல்ல, கோபத்தால். எந்தப் பேச்சுக்குப் பயந்தாளோ அதே பேச்சு. கையைத் திறந்தால் போதும், எல்லார் வாயும் அடைபடும். அவள் திறக்கவில்லை.

"பிள்ளை, கையைத் திற மோனை," என்றது ஒரு குரல்.

பராசக்திதான். மஞ்சள் கயிற்றுக்குக் கிட்ட வந்து நின்றார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்துவிட்டது.

"அந்தப் பிள்ளை வடிவாத்தான் துடைச்சவள். வெங்காயம் ஏத்தினது நான். திற மோனை, எல்லாரும் பாக்கட்டும்."

உதயகலா கையை விரித்தாள். தோல் காற்றில் பறந்து கதிரவேலுவின் வெள்ளை வேட்டியில் ஒட்டியது.

"நீரோ? ஆர் கார் ஓடினது?"

"நான்தான். லாண்ட்மாஸ்டர்க்காரன் வாறன் வாறன் எண்டு வராமல் வெங்காயம் முத்தத்திலை கிடந்து அழுகுது. மத்தியானம் நீங்கள் நித்திரை கொள்ளேக்கை நானே சுன்னாகம் கொண்டுபோய் யாவாரியிட்டைக் குடுத்திட்டு வந்திடுவன். உது சத்தமில்லாத கார்தானே, நீங்கள் ஒருநாளும் எழும்பேல்லை. நெல்லியடியிலை கார் ஓடப் பழகி லைசென்சும் எடுத்தனான். தங்கச்சி வீட்டை போறன் எண்டதெல்லாம் உதுக்குத்தான்."

கதிரவேலுவின் முகம் கறுத்தது, சிவந்தது, பிறகு என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆனது. பராசக்தி பின்வாங்கவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்து நின்றார்.

கதிரவேலு கேட்டார்.

"சுன்னாகச் சந்தை ஒழுங்கைக்குள்ளை எப்பிடித் திருப்பினனீர்?"

"திருப்ப இடமில்லை. றிவேர்சிலைதான் வெளியிலை வாறனான்."

வீட்டு வாசலில் றிவேர்ஸ் எடுக்கவே அயலட்டை ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட வைக்கிற மனிதர் கதிரவேலு. அவர் மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்தார். சொண்டு ஓரத்தில் ஏதோ நெளிந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை, சிரிப்பு வெடித்துவிட்டது.

"றிவேர்சிலை! இவ!"

உதயகலா விசிறியைத் துடைத்துப் பூட்டினாள். பிளக்கைச் செருகி, காரை ஸ்ராட் பண்ணி, ஸ்கானரில் பார்த்து, எரிந்த விளக்கு அணைந்ததை எல்லாருக்கும் காட்டினாள். "இனி மூட்டையைப் பின்னுக்கு டிக்கிக்குள்ளை வையுங்கோ அம்மா. சீற்றிலை வைச்சால் பற்றரிக்கு மூச்சு முட்டும்," என்றாள். "ஓம் மோனை," என்று பராசக்தி சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னுக்கு இழுத்தார்.

கதிரவேலு ஏறவில்லை. உதயகலாவிடம் வந்து நின்றார்.

"பிள்ளை, உண்மை கைக்குள்ளை இருக்கேக்கை ஏன் வாயை மூடிக்கொண்டு பேச்சு வாங்கினனி?"

"உங்களுக்குப் பயந்துதான் ஐயா. எனக்காக இல்லை, அம்மாவுக்காக."

கதிரவேலு காரில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வேட்டியில் ஒட்டிய தோலைத் தட்டாமலே சந்தைப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். பராசக்தி காரை மெல்ல அவர் பின்னால் ஓட்டிப் போனார். காலையில் கத்திய அதே இடத்தில் நின்று அவர் கத்தியது கராச் வரைக்கும் கேட்டது.

"இஞ்சை எல்லாரும் கேளுங்கோ! காலமை நான் சொன்னது பொய். உதயகலாவின்ரை வேலையிலை ஒரு குறையுமில்லை. காரைப் பாக்கிறதெண்டால் அவளிட்டைப் போங்கோ. கார் ஓடிக் காட்டோணும் எண்டால் என்ரை மனுசியிட்டைக் கேளுங்கோ!"