ராமுத்தாயின் முதல் தட்டு

"அந்தத் தட்டு எம் பாட்டுப்பெட்டியில ஏறக்கூடாது. சொன்னாச் சொன்னதுதான்..."

"உங்க பெட்டியா? எம் பாட்டு சம்பாதிச்ச பெட்டி அது. வாத்தியாரே, நீங்க வைங்க..."

"வாத்தியாரே, கையெடுங்க. ஊசி கெட்டுப் போயிரும்."

"ஊசி கெட்டா வேற ஊசி போட்டுக்கிறலாம். ஒம்பது வருசம் கெட்டுப்போச்சே, அதுக்கு எங்க போறது?"

"ஏ புள்ள, வந்தவுக முன்னால..."

"வந்தவுக முன்னாலதான் பேசணும். தனியாப் பேசினா நீங்க குழாயத் தூக்கிக்கிட்டு மரம் ஏறிருவீங்க."

பரிசம் போட வந்த இடத்தில் சண்டையைப் பார்த்தவரைப் போல நடுவில் உட்கார்ந்திருந்தார் சடையாண்டி வாத்தியார். வத்தலக்குண்டில் பள்ளிக்கூட வாத்தியார், பாட்டுப் பைத்தியம். மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் இருந்த இசைத்தட்டுக்காகத்தான் புருசனும் பெண்டாட்டியும் இப்படி மோதிக்கொண்டார்கள்.

அறுபத்தாறாம் வருசம், புரட்டாசி மாதம். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பொன்ராஜின் மைக்செட் கடையில் ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. கடைக்குப் பின்புறமே வீடு. பெண்டாட்டியின் பெயர் சொர்ணலட்சுமி என்று ஊருக்குத் தெரியும். அறுபத்திரண்டில் வந்த அவளுடைய முருகன் பாட்டுத் தட்டு ஓடாத டீக்கடை கிடையாது. பழனிக்கு நடப்பவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் நடந்தார்கள்.

அவளுடைய சொந்தப் பெயர் ராமுத்தாய். அந்தப் பெயரில் ஐம்பத்தேழில் ஒரு தட்டு வந்தது. அதுதான் இப்போது மஞ்சள் பைக்குள் இருந்தது.

"அக்கா, நான் ஒன்னு கேட்டுட்டுப் போயிறேன். இந்த ராமுத்தாய் நீங்கதானா?" என்றார் வாத்தியார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு. வாங்கிட்டுப் போய்ப் போட்டேன். ஒரு பக்கந்தான் கேட்டேன், அந்த ஒப்பாரிய. மறுபக்கம் கேக்க மனசு வரல. அதுல ஒரு அடி முடிஞ்சு அடுத்த அடி எடுக்குறதுக்கு முன்னால ஒரு மூச்சு வருது. பொசுக்குன்னு, வாய மூடிக்கிட்டு. அதே மூச்ச நான் முருகன் பாட்டுல கேட்டிருக்கேன். ரெண்டாவது சரணத்துல, 'மலையே'ன்னு எறங்குற எடம். அந்த ஒரு எடத்துல மட்டும். மத்த எடமெல்லாம் வேற ஆளு பாடுற மாதிரி இருக்கும்."

"அந்த எடத்துல கம்பெனிக்காரன் மறுபடி பாடச் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன்" என்றாள் ராமுத்தாய்.

"ரெண்டாவது தட்ட நான் குறை சொல்லலக்கா. எங்க பஸ் ஸ்டாண்டுல அது பாடுனா கண்டக்டரு விசில் ஊதாம நிப்பாரு. ஆனா அதுல நீங்க எல்லாருக்கும் மரியாதை குடுத்துப் பாடுறீங்க. கிளாரினெட்டுக்கு வழி விடுறீங்க, தபலாவுக்கு வழி விடுறீங்க. இதுல யாருக்கும் வழி விடல."

"வழி விட அங்க ஒருத்தரும் இல்ல. ஒரு ஆர்மோனியம், ஒரு உறுமி. உறுமிக்காரரு அழுதுட்டாரு."

"அதான் கேக்குதே."

"கேட்டாச்சுல்ல? அப்பப் பையக் கட்டுங்க. ராசியில்லாத தட்டு. கடைக்கு ஆகாது" என்றான் பொன்ராஜ்.

ராசியில்லாத தட்டு என்ற பெயர் வந்த கதை திண்டுக்கல்லைச் சுற்றிய மைக்செட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நடவுக்குப் போன இடத்தில் அவள் பாடியதைக் கேட்டு, மதராசிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஆள் அழைத்துப் போனான். ஒரு பக்கம் கல்யாண வாழ்த்து, மறுபக்கம் அவள் தன் தாயிடம் கேட்டுக் கற்ற ஒப்பாரி. "சிரிப்பும் அழுகையும் ஒரே தட்டுல. நல்லாப் போகும்" என்றான். பாடியதற்கு அடையாளமாக ஒரே ஒரு தட்டு ரயில் பார்சலில் வந்தது.

வந்தது விடியற்காலையில். அன்றைக்கே ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊரில் கல்யாணம், மைக்செட் பொன்ராஜுடையது. முகூர்த்தத்துக்குப் புதுத் தட்டைப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே துடிப்பு. "நானும் வாரேன்" என்றாள். "மைக்செட்டுக்காரன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வந்தா ஊரு சிரிக்கும். குழாய் சத்தம் எட்டு ஊருக்குக் கேக்கும், வாசல்ல நின்னு கேளு" என்று அவன் சிரித்தான். குளித்து, விளக்கேற்றி, தட்டை விளக்கு முன்னால் வைத்து, கணவன் தன்னுடைய தட்டுகளுக்கு வைப்பதுபோலவே நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அவனிடம் கொடுத்தனுப்பினாள்.

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம் ஓயவில்லை. பொன்ராஜ் தட்டின் மேல் ஊசியை வைத்தான். வைத்த பிறகுதான், தென்னையில் கட்டிய குழாய் பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஓடிப்போய் மரம் ஏறினான். பாதி மரத்தில் இருக்கும்போது மேளம் நின்றது. குழாய் பாடியது.

ஏத்தம் எறைக்க வந்த ராசா
எறங்கிப் போன தடம் எங்கே

அட்சதை தூவிய கைகள் அப்படியே நின்றன. அவன் இறங்கி வருவதற்குள் ஒரு சரணம் முடிந்தது. பெண்ணின் மாமன் தட்டை எடுத்து அம்மிக்கல்லில் அடித்தார்.

அந்த அடியோடு போயிருந்தால் ஊர் மறந்திருக்கும். மூன்றாம் மாதம், கிணற்றில் பம்புசெட்டைக் கழற்ற இறங்கிய அந்த மாப்பிள்ளை வழுக்கி விழுந்தான். பிணமாகத்தான் மேலே வந்தான். பாட்டு சொன்னபடியே நடந்துவிட்டது என்று ஊர் பேசியது. ஒரு மைக்செட்டுக்காரன்கூட அந்தத் தட்டை வாங்கவில்லை. கம்பெனி மிச்சத்தைப் பழைய சாமானில் போட்டது. சந்தையில் அந்தக் கல்யாணப் பெண் ராமுத்தாயைப் பார்த்தால் கூடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"எம் மேல தப்பில்ல. கம்பெனிக்காரன் லேபிள மாத்தி ஒட்டிட்டான். வாழ்த்துன்னு போட்ட பக்கத்துல ஒப்பாரி" என்று பொன்ராஜ் எல்லாரிடமும் சொன்னான். ராமுத்தாயிடமும் சொன்னான். எழுத்தறியாத அவளும் அதையே ஒன்பது வருசம் ஊருக்குச் சொல்லி வந்தாள். முதல் தட்டு வந்து ஐந்து வருசம் கழித்துக் கம்பெனி மறுபடி கூப்பிட்டபோது புதுப் பெயர் கொடுத்தார்கள். அடித்தொண்டையில் பாடாதே, மேலே பாடு, இனிப்பாகப் பாடு என்றார்கள். பாடினாள். ஜெயித்தாள்.

தன்னுடைய வாழ்த்துப் பாட்டை மட்டும் அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"ஒரு தடவ. நான் பாடினத நான் ஒரு தடவ கேட்டுக்கிறேன். அப்புறம் அம்மியில அடிங்க, கோட்டை மேல இருந்து எறிங்க, நான் கேக்கல" என்றாள் இப்போது.

"கேட்டு என்ன ஆகப்போகுது?"

"கேக்காம என்ன ஆச்சு?"

பொன்ராஜ் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"வைங்க வாத்தியாரே. லேபிள் மாறியிருக்கும், பாத்து வைங்க. ஒப்பாரின்னு எழுதின பக்கந்தான் வாழ்த்து."

வாத்தியார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாறலயேக்கா. நான் ஒப்பாரின்னு எழுதின பக்கத்தத்தான் போட்டேன், ஒப்பாரிதான் பாடுச்சு."

"இருக்காது."

"இந்தா, 'பக்கம் ஒன்று, கல்யாண வாழ்த்து, ராமுத்தாய்'. போடுறேன், கேளுங்க."

தட்டு சுற்றியது. முதலில் கரகரப்பு. அப்புறம் உறுமி.

கெணத்துமேட்டு வாழ வெட்டிக்
கெழக்க பாத்துப் பந்தல் போட்டு

அந்தக் குரலுக்கு இருபத்திரண்டு வயது. யாருக்கும் பயப்படவில்லை. பந்தலில் கூப்பிட்டு உட்கார வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் உட்கார வைத்தது. மூன்று நிமிசம். ஊசி உள்வட்டத்துக்கு வந்து உரசிக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைசியில் வாத்தியார்தான் எடுத்தார்.

"ஆத்தாடி! இத யாருமே கேக்கலயாக்கா?" என்றார்.

அவள் புருசன் பக்கம் திரும்பினாள்.

"லேபிள் சரியாத்தான் இருக்கு."

"இந்தத் தட்டுல சரியா இருக்கும். நம்மளுக்கு வந்த தட்டுல..."

"நம்மளுக்கு வந்ததுல மட்டும் வேணும்னே மாத்தி ஒட்டினானா? அவனுக்கு நீங்க என்ன பங்காளியா?"

"நான் என்னத்தக் கண்டேன்?"

"அதத்தான் கேக்குறேன். என்னத்தக் கண்டீங்க? வாத்தியாரே, அந்த முருகன் தட்டு எடுங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு இவுகளப் படிக்கச் சொல்லுங்க."

"என்ன புள்ள, பள்ளிக்கூடமா நடத்துற?"

"ஒரு வரி. நீங்கதான் கம்பெனிக் கடுதாசியெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களே, மளமளன்னு."

"அண்ணனுக்குக் கண்ணாடி இல்ல போலருக்கு..." என்று வாத்தியார் சமாதானத்துக்கு இழுத்தார்.

"கண்ணாடி எதுக்கு? நேத்துக்கூட டீக்கடையில பேப்பரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாக."

பொன்ராஜ் தட்டை வாங்கினான். பார்த்தான். திருப்பி வைத்தான்.

"தெரியாது" என்றான்.

"எது தெரியாது?"

"எழுத்து. கடுதாசி வந்தா டீக்கடையில மைதீன் பிச்சைகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வந்து உனக்குச் சொல்லுவேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"நாந்தான் எழுத்தறியாதவ, கட்டினவுக படிச்சவுகன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். படிக்கத் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கல்யாண வீட்டுல நாலு பேரு உங்களத் திட்டியிருப்பாக. அதோட போயிருக்கும். உங்க கவுரவத்துக்கு எம் பேர எடுத்துக் குழியில போட்டீங்க. ராமுத்தாய்னு கூப்புட இப்ப ஒரு ஆளு இருக்கா? எங்க ஆத்தா வச்ச பேரு."

"சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல. படிக்கத் தெரியாத ஆளு எந்தப் பக்கத்த எப்படிப் போட்டீங்க? குருட்டாம்போக்குலயா? எந் தலையெழுத்த வச்சுச் சூதாடினீங்களா?"

"குருட்டாம்போக்குல நான் ஒருநாளும் போட்டதில்ல."

"பின்ன?"

பொன்ராஜ் அலமாரியிலிருந்து இரண்டு மூன்று தட்டுகளை உருவி மேசையில் பரப்பினான். எல்லாவற்றிலும் ஒரு பக்கத்து நடுவில் குங்குமப் பொட்டு இருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"இத சாமிக்கு வைக்கிறேன்னு நீயும் நெனச்ச, ஊரும் நெனச்சுச்சு. இதுதான் என் எழுத்து. மங்கலப் பாட்டுன்னா பொட்டு. அழுகப் பாட்டுன்னா பொட்டு இல்ல. கடையில வாங்கும்போதே கேட்டு வச்சுக்கிருவேன். இருவது வருசமா ஒரு கல்யாணத்துலயும் தப்பினதில்ல."

"அன்னிக்குத் தப்புச்சே!"

அவன் ஊசி டப்பாக்கள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தான். அடியில் ஒரு பழைய வேட்டித் துணி. துணிக்குள் பாதித் தட்டு, அம்மிக்கல்லில் உடைந்தது. வாத்தியார் எட்டி அதன் லேபிளைப் பார்த்தார். 'ஒப்பாரி' என்ற எழுத்து முழுசாக இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, படித்திருக்க வேண்டாமே என்பதுபோல நிறுத்திக்கொண்டார்.

எழுத்துக்குப் பக்கத்தில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. அதன் மேல் கறுத்துப்போன குங்குமம், ஒரு விரல் அகலத்துக்கு.

பொன்ராஜ் அதை அவள் முன்னால் வைத்தான்.

"கம்பெனிக்காரன் மேல பழியப் போட்டது நான். ஒம்பது வருசம் இத ஒளிச்சு வச்சதும் நான். ஆனா அன்னிக்கு வெளக்கு முன்னால இந்தப் பக்கத்துல பொட்டு வச்சது யாரு ராமுத்தாயி?"